பட்டா யானைக்கு, பயிர் யாருக்கு?

ஏலே பேராண்டி, அந்த ஃபோனைப் பையில போட்டுட்டு இப்படி வந்து உட்காரு. இந்த ஊர்ல திண்ணை கெடையாது. கராஜ் கதவை மேல தூக்கிவிட்டு ரெண்டு மடக்கு நாற்காலியைப் போட்டா அதுதான் திண்ணை. ஆறு மாசம் இருந்துட்டுப் போற கெழவனுக்கு இதைவிடத் தோதான எடம் டெக்சாஸ்ல இந்தப் பிளேனோ முழுக்கத் தேடினாலும் ஆப்புடாது.

தபால்ல வந்த உன் வாக்காளர் அட்டையை உங்கம்மா சாமி படத்துக்கு முன்னால வச்சு விபூதியும் பூசிட்டா. சந்தோசம். ஆனா நேத்து ராத்திரி தோசையைப் பிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்ன பாரு: "தாத்தா, நான் அசல் கன்சர்வேட்டிவ். ரிபப்ளிகனும் சரியில்ல, டெமாக்ரட்டும் சரியில்ல. மூணாவது ஆளுக்குத்தான் என் ஓட்டு." உங்கப்பனுக்குச் சட்னி புரையேறிருச்சு. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. மூணாவது ஆளுக்கு ஓட்டுப் போடுதேன்னு சொன்னதுக்கு இல்லலே. 'அசல்'னு சொன்னியே, அதுக்கு. நாப்பது வயசு வரைக்கும் கணக்குப்பிள்ளை வேலை பாத்தவன் நான். அசல் எது, நகல் எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் பொழப்பு. நீ கன்சர்வேட்டிவ், சரி. எந்தப் பசலி கன்சர்வேட்டிவ்?

முழிக்காத. பசலின்னா எங்க வருவாய்க் கணக்கு வருசம். ஜூலையில பொறந்து அடுத்த ஜூன்ல முடியும். பசலிக்குப் பசலி ஊர்க்கணக்கைப் புதுசா எழுதணும். அதுல ரெண்டு காயிதம் முக்கியம். ஒண்ணு பட்டா. நிலம் யார் பேர்ல இருக்குன்னு அது சொல்லும். இன்னொண்ணு அடங்கல். இந்தப் பசலியில அந்த நிலத்தை நெசமா உழுதது யாரு, போட்ட பயிர் என்னன்னு அது சொல்லும். பட்டாவுல பேர் இருக்கிற ஆள் செத்து முப்பது வருசம் ஆயிருக்கும். அடங்கல்ல பருத்தி எடுத்தவன் வேற எவனோவா இருப்பான். பட்டாவை மட்டும் பாத்துட்டுப் பொண்ணு குடுத்து ஏமாந்தவங்களை எனக்குத் தெரியும். நீயும் ரிபப்ளிகன்ங்கிற யானைக் கட்சியோட பட்டாவைப் பாத்துட்டுத்தான் பேசுத. நான் அடங்கலை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்துல எங்க கர்ணம், மணியம் வேலையெல்லாத்தையும் ஒழிச்சுக்கட்டினார். அதே நவம்பர்ல இங்க ரீகன் ஜெயிச்சார். எனக்கு வேலை போன மாசம் அவருக்கு வேலை கெடைச்சுது. அதனால அந்த மனுசன் மேல எனக்கு அப்ப இருந்தே ஒரு தனிக் கண்ணு. அவர் உட்கார்ந்தது ஒரு முக்காலி. ஒரு காலு வியாபாரம்: வரியைக் கொறை, சரக்கை எல்லை தாண்டி ஓடவிடு, சர்க்கார் கையை மடக்கு. இன்னொரு காலு தேவாலயம்: குடும்பம், ஜெபம், கருக்கலைப்பு கூடாது. மூணாவது காலு சோவியத்து மேல இருந்த பகை: பட்டாளத்தைப் பெருக்கு, உலகம் பூரா காவல் நில்லு. இந்த மூணு காலும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்ல. ஒரே பலகையில அறைய ஆணி தேடித்தான் வில்லியம் பக்லி மாதிரி ஆளுக 1955-லயே பத்திரிகை ஆரம்பிச்சு எழுதிக்கிட்டுக் கெடந்தாங்க. 1964-ல கோல்ட்வாட்டர் உட்கார்ந்து பாத்தார். 6 மாநிலம்தான் தாங்குச்சு, மடார்னு விழுந்தார். ரீகன் உட்கார்ந்தப்ப நின்னுச்சு. நீ 'அசல்'னு சொல்றது இந்த முக்காலியைத்தான். உன் அலமாரியில இருக்கிற புஸ்தகமெல்லாம் அந்தப் பலகையிலருந்து செதுக்கின சிலாம்புதான்.

1991 டிசம்பர்ல சோவியத்து கலைஞ்சு போச்சு. பகையாளி செத்தா ஊரே பொங்கல் வைக்கும். ஆனா முக்காலிக்காரனுக்கு அன்னைக்கு ஒரு காலு போச்சுன்னு யாரு கவனிச்சா?

இப்ப நெலத்துக்கு வா. ரெண்டு பெரிய மிராசுக்கு நடுவுல எப்பவும் கொஞ்சம் புறம்போக்கு கெடக்கும். வேலிக்கருவை மண்டிக் கெடக்கிற அந்த எடத்தை ரெண்டு மிராசும் சீண்டாது. இந்த நாட்டுலயும் அப்படி ஒரு சனம் உண்டு. ஆலையை மூடிட்டுப் போனதுல கோவம், நாட்டுக்கடன் ஏறுறதுல பயம், ரெண்டு கட்சியும் நம்மளைத் தேடி வரலையேன்னு ஒரு கறுவல். மூணாவது ஆள்னு சொல்றியே, அவன் யாருன்னா அரிவாளைத் தூக்கிட்டு அந்தக் கருவைக்காட்டுக்குள்ள மொத மொத எறங்குறவன். உழுது, வெதச்சு, 'இங்கயும் வெள்ளாமை வரும்'னு காட்டுறது அவன் வேலை. எங்க கணக்குல அப்படிப் புறம்போக்குல பயிர் வைக்கிறவனுக்கு வருசா வருசம் பி மெமோ குடுத்து அபராதம் போடுவோம். பட்டா மட்டும் குடுக்க மாட்டோம்.

உன் தங்கச்சி பள்ளிக்கூடத்துல டல்லாஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போனப்ப நானும் தொணைக்குப் போனேன்லா? வாசல்ல எழுதியிருந்த பேரு பெரோ மியூசியம். ராஸ் பெரோவோட பிள்ளைக 5 கோடி டாலர் குடுத்து அப்பா அம்மா பேரை வச்சிருக்காங்க. உள்ள ஒரு டைனோசர் மண்டையோடு, அலாஸ்காவுல தோண்டி எடுத்தது. மூக்கு மேல பணியாரம் கணக்கா ஒரு புடைப்பு. அதோட சாஸ்திரப் பேர்லயும் இந்தக் குடும்பத்துப் பேரை ஒட்டியிருக்காங்க: பாக்கிரைனோசாரஸ் பெரோட்டோரம். உன் தங்கச்சி தடுக்காம சொன்னா. நான் சொல்லிப் பாத்தேன், பல்லு செட்டு வெளிய வந்துருச்சு. அந்தக் கண்ணாடிக்கு முன்னால நின்னுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்த மனுசன் பேரு டைனோசருக்குப் போச்சு, பயிரு யானைக்குப் போச்சு!

யாருன்னு கேக்கியா? இந்த டெக்சாஸ் மண்ணுலயே டெக்ஸார்கானாவுல பொறந்தவர். 1962-ல 1,000 டாலரைப் போட்டு, அடுத்த கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் பாத்துக் குடுக்கிற தொழில் ஆரம்பிச்சார். அது வளந்து, பெருத்து, கடைசியில தலைமை ஆபீஸ் போட்டது இதே பிளேனோவுலதான். இந்தத் தெருவுல இத்தனை தமிழ் வீட்ல சாம்பார் கொதிக்குதுன்னா, அதுக்குக் காரணமா இந்தப் பக்கம் கம்ப்யூட்டர்த் தொழிலை ஊன்றினவங்கள்ல அவரும் ஒருத்தர். அதாவது அவரும் ஒரு கணக்குப்பிள்ளை. என்ன, நான் செம்மண்ணு சைக்கிள்ல போனேன், அவரு சொந்த விமானத்துல போனார்.

1992 பிப்ரவரியில டி.வி.யில பேசிக்கிட்டிருந்தப்ப, 50 மாநிலத்துலயும் என் பேரைச் சீட்டுல ஏத்துங்க, நிக்கிறேன்னார். சனங்க தெருத்தெருவா மேசை போட்டு ஏத்திட்டாங்க. ஜூன்ல எடுத்த கருத்துக்கணிப்புல ஜனாதிபதி புஷ்ஷையும் முந்திட்டார், டெமாக்ரட் வேட்பாளர் கிளின்டனையும் முந்திட்டார். ஜூலையில திடீர்னு 'நான் நிக்கலை'ன்னுட்டார். அக்டோபர் மொத தேதி 'நிக்கிறேன்'னு திரும்ப வந்தார். ஏன் போனீருன்னு கேட்டா, தன் மகள் கல்யாணத்தைக் கெடுக்க ரிபப்ளிகன்காரங்க திட்டம் போட்டாங்கன்னு ஒரு கதை சொன்னார். ஆதாரம் மட்டும் காட்டலை. நம்ம ஊரா இருந்தா கல்யாணப் பத்திரிகையையே தேர்தல் நோட்டீஸா அடிச்சு விட்டிருப்பான்.

ஆனாலும் மனுசன் ஒண்ணு செஞ்சார் பாரு. சொந்தக் காசுல டி.வி.யில அரை மணி நேரம், அரை மணி நேரமா வாங்கினார். பாட்டு இல்ல, கூத்து இல்ல. அட்டையில கோடு போட்ட படம், கையில ஒரு குச்சி. நாட்டுக்கடன் இம்புட்டு, வட்டி இம்புட்டு, உன் பேரன் தலையில இம்புட்டுன்னு வாத்தியார் கணக்கா நடத்தினார். மெக்சிகோவோட வரியில்லா ஒப்பந்தம் போட்டா வேலையெல்லாம் தெற்காம உறிஞ்சிக்கிட்டுப் போற சத்தம் கேக்கும்னு விவாத மேடையில சொன்னார். ஜமாபந்திக் கணக்கைச் சனம் ஆசைஆசையா உட்கார்ந்து பாத்தது என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான்.

முடிவைக் கேளு. 100-க்கு 19 பேரு, கிட்டத்தட்ட 1 கோடியே 97 லட்சம் பேரு அவருக்கு ஓட்டுப் போட்டாங்க. மெய்ன் மாநிலத்துல புஷ்ஷுக்குக் கோடை வீடே இருந்துச்சு. அங்கயே புஷ்ஷை மூணாவது எடத்துக்குத் தள்ளிட்டார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற 538 தேர்வாளர் ஓட்டுல அவருக்குக் கெடைச்சது எத்தனை தெரியுமா? பூச்சியம்.

எப்படின்னு கேக்காத. நம்ம கண்மாய் மீன் ஏலம் பாத்திருக்கியா? ஒசத்திக் கேட்டவனுக்கு மொத்த மீனும். அஞ்சு ரூவா கொறச்சுக் கேட்டவனுக்கு அயிரைகூடக் கெடையாது. கூடையைக் கவுத்து வச்சுட்டு வீட்டுக்குப் போகணும். மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டைத் தவிர எல்லா மாநிலமும் இங்க மீன் ஏலம்தான். எல்லாக் கண்மாயிலயும் அவருக்கு ஆள் இருந்துச்சு, எந்தக் கண்மாயிலயும் அவருதான் ஒசத்தின்னு ஆகலை. 1968-ல ஜார்ஜ் வாலஸ்னு ஒருத்தர் நின்னார். அலபாமாவுல கவர்னரா இருந்தவர், வெள்ளைக்காரப் பிள்ளைக படிக்கிற யுனிவர்சிட்டியில கறுப்பினப் பிள்ளைக சேரக்கூடாதுன்னு வாசல்ல நின்னு மறிச்சவர். அவருக்கு விழுந்தது 13.5 சதவீதம்தான். ஆனா தெற்குப் பக்கம் குவிஞ்சு கெடந்ததால 5 மாநிலம், 46 தேர்வாளர் ஓட்டு. பரவலா நல்ல பேரு வாங்கினவனுக்கு ஒண்ணுமில்ல. ஒரு மூலையில காந்தலா இருந்தவனுக்குக் கூடை நெறய மீனு. இந்தச் சட்டத்தை அந்தந்த மாநிலத்துக்காரங்க தீட்டினப்ப எங்களை மாதிரி ஒரு கணக்குப்பிள்ளையைக் கேட்டிருக்கலாம்.

அந்தத் தெற்கு நெலத்தையும் பாரு. வாலஸ் வெட்டித் திருத்தின காட்டுல பின்னால கதிர் அறுத்தது யாரு? யானைக் கட்சி. அடிமைத்தனத்தை எதிர்த்துப் பொறந்த லிங்கன் கட்சி. 1964-லயே கோல்ட்வாட்டர் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டுத் தெற்குல 5 மாநிலத்தைப் புடிச்சு வழி காட்டியிருந்தார். லிங்கன் பேர்ல பட்டா, வாலஸுக்கு ஓட்டுப் போட்ட ஊர்ல வெள்ளாமை. இதை அடங்கல்ல எழுதச் சொன்னா எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் கை நடுங்கும். அந்த யானையே 1854-ல புறம்போக்குல போட்ட குடிசைதான் தெரியுமா? விக் கட்சின்னு ஒரு பெரிய வீடு இடிஞ்சு விழ, அந்தக் கல்லையும் மரத்தையும் பொறுக்கிக் கட்டின குடிசை. அதனால 'மூணாவது ஆளு ஒரு நாளும் ஜெயிக்க மாட்டான்'னு உங்கப்பன் சொன்னா நம்பாத. பெரிய வீடு இடியிற அன்னைக்கு ஜெயிப்பான். அது 170 வருசத்துக்கு ஒரு தடவைகூட வரலாம், வராமலும் போகலாம்.

உன் சித்தப்பா ஒண்ணு சொல்லுவான்: "பெரோ மட்டும் நிக்காம இருந்தா புஷ்தான் ஜெயிச்சிருப்பார்." ஓட்டுப் போட்டு வெளிய வந்தவங்கள்ட்ட அன்னைக்கே கேட்டிருக்காங்க. பெரோவுக்குப் போட்டவங்கள்ல புஷ்ஷுக்குப் போயிருப்பேன்னவனும் கிளின்டனுக்குப் போயிருப்பேன்னவனும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. மிச்சப் பேரு வீட்லயே கெடந்திருப்பேன்னாங்க. தோத்த வீட்டுக்காரனுக்கு எப்பவும் ஒரு பெரோ வேணும். இல்லாட்டி கண்ணாடியைப் பாக்க வேண்டி வந்துரும்.

நெசமான கதை தேர்தலுக்கு அப்பறம்தான். 1993 நவம்பர்ல அந்த மெக்சிகோ ஒப்பந்தம், நாஃப்டா, பிரதிநிதிகள் சபைக்கு வந்துச்சு. 234-க்கு 200-னு நிறைவேறுச்சு. ஆமாம்னு கை தூக்கினதுல ரிபப்ளிகன் 132, டெமாக்ரட் 102. அதை நிறைவேத்திக் கையெழுத்துப் போட்டது டெமாக்ரட் ஜனாதிபதி. தோள் குடுத்துத் தூக்கினது யானைதான். அந்தப் பசலி அடங்கல்ல நீ போய்ப் பாத்தா, கன்சர்வேட்டிவ் நெலத்துல பயிர்: வரியில்லா வியாபாரம். பெரோ, புறம்போக்கு.

அதே புறம்போக்குக்கு யானை வீட்டுக்குள்ள இருந்தே ஒருத்தர் எறங்கி வந்தார், பாட் புக்கானன். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடு, வந்தேறிகளைத் தடு, ஊரான் சண்டைக்குப் போகாதன்னு 1992-ல புஷ்ஷையே உட்கட்சியில எதிர்த்து நின்னவர். 1999-ல கட்சியை விட்டே போய், பெரோ தொடங்கின சீர்திருத்தக் கட்சியில சேந்து 2000-ல நின்னார். அரை சதவீதம்கூடத் தேறலை. ஃபுளோரிடாவுல பாம் பீச்சுன்னு ஒரு கவுன்ட்டியில மட்டும் ஓட்டுச்சீட்டு அச்சடிச்ச குளறுபடியில 3,400-க்கு மேல விழுந்துச்சு. அதுல பல ஓட்டு என்னுதா இருக்காதுன்னு அவரே டி.வி.யில ஒத்துக்கிட்டார். விழுந்த ஓட்டை என்னுதில்லன்னு சொன்ன வேட்பாளரை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அந்த மாநிலத்தை ஜூனியர் புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல.

இதுல ஒரு வேடிக்கை. அந்தச் சீர்திருத்தக் கட்சிக் குடிசைக்குள்ள அப்ப இன்னொருத்தரும் தலையை விட்டுப் பாத்தார். நியூயார்க்ல கட்டடம் கட்டுற பணக்காரர். 1999 அக்டோபர்ல சேந்தார், 2000 பிப்ரவரியில 'இது தேறாது'ன்னு கையை ஒதறிட்டுப் போனார். பேரு டொனால்டு ட்ரம்ப். புத்திசாலித்தனம் எங்க இருக்குன்னா, குடிசை வாசல் வழியா மச்சுக்கு ஏற முடியாதுன்னு அவருக்கு நாலே மாசத்துல வெளங்கிருச்சு. 15 வருசம் கழிச்சுப் பெரிய வீட்டு முன்வாசல் வழியாவே வந்தார், உட்கட்சித் தேர்தல் வழியா. வாசல்ல காவலுக்கு நின்ன பழைய மிராசுதாருக 'யாருப்பா நீ'ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள மச்சுல ஏறி ஊஞ்சல்ல உட்கார்ந்துட்டார். கையில என்ன கொண்டுவந்தார்? பெரோ வெதச்ச வியாபாரக் கோவம், புக்கானன் வெதச்ச வேலியும் வரியும். 2018-ல இரும்புக்கு வரி; 2020 ஜூலையில நாஃப்டாவே போயி வேற ஒப்பந்தம்; 2025-ல உலகத்துக்கே வரி. ராத்திரியோட ராத்திரியா எல்லைக்கல்லை நகர்த்திப் புறம்போக்கை மிராசோட சேத்துட்டாங்க. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு கதை.

இப்ப நான் சொல்ல வந்த எடத்துக்கு வந்துட்டேன், காதைக் குடு. பெரோவோட காட்டுல ரெண்டு பயிர் இருந்துச்சு. ஒண்ணு மெக்சிகோக் கோவம். இன்னொண்ணு கடன் கணக்கு. அவர் குச்சியால தட்டித் தட்டிக் காட்டினாரே, அதுதான் அவருக்கு உசிரு. 1992-ல நாட்டுக்கடன் சுமார் 4 லட்சம் கோடி டாலர். 2025-ல 36 லட்சம் கோடிக்கும் மேல. ரெண்டு கட்சியும் மாறி மாறித் தூக்கிவிட்ட கடன்தான் அது, யாருக்கும் நான் தனியாப் பட்டயம் குடுக்கலை. பெரிய மிராசு எல்லைக்கல்லை நகர்த்தினப்ப கோவத்தை அறுத்துக் களத்துக்குக் கொண்டு போயிருச்சு, கணக்கை வரப்புலயே போட்டுட்டுப் போயிருச்சு. அந்த அட்டையும் குச்சியும் இன்னும் கருவை மூட்டுல கெடக்கு. ஒரு கணக்குப்பிள்ளைங்கிற மொறையில எனக்கு அதுதாம்லே வயித்தெரிச்சல்.

இதெல்லாம் கேட்டுட்டு, அப்ப பட்டா வச்சிருந்த பழைய மிராசுதாரு எங்கன்னு கேக்கணும் நீ. அவுகதான் இப்பப் புறம்போக்குல நிக்காக. துணை ஜனாதிபதியா இருந்தவர் மகள் லிஸ் செய்னி. யானைக் கட்சியிலயே சபையில மூணாவது பெரிய பதவியில இருந்த அம்மா. 2022-ல சொந்த மாநிலத்து உட்கட்சித் தேர்தல்ல 29 சதவீதத்தோட வெளிய வந்தாக. 2024-ல கழுதைக் கட்சியான டெமாக்ரட் வேட்பாளருக்கு மேடை ஏறினாக. 2016-ல எவான் மக்மல்லின்னு சி.ஐ.ஏ.யில வேலை பாத்த ஒருத்தர், ரீகன் முக்காலியைத் தலையில வச்சுக்கிட்டுச் சுயேச்சையா நின்னார். யூட்டா மாநிலத்துல மட்டும் 21.5 சதவீதம். மத்த எடத்துல பெருசா எடுபடலை. 1992-ல வெளிய நின்னது கோவக்காரன். இப்ப வெளிய நிக்கிறது பழைய வீட்டுக்காரன். கரையான் புத்துல நாகம் குடிபோகும்னு பழமொழி சொல்லுவோம். இங்க நாகம் இருந்த புத்துல நாகத்தையே வெரட்டிட்டு வேற நாகம்.

உள்ள போனவனும் உண்டு. கென்னடி வீட்டுப் பிள்ளை ராபர்ட் கென்னடி ஜூனியர் 2024-ல சுயேச்சையா நின்னு, ஆகஸ்ட்ல எலையை எடுத்துட்டுப் போய் ட்ரம்ப் பந்தியில உட்கார்ந்தார். 2025 பிப்ரவரியில சுகாதார மந்திரி ஆனார். 1971-லருந்து 'சர்க்கார் கொஞ்சமா இருந்தாப் போதும்'னு தனிக் குடிசை போட்டிருக்கிற லிபர்டேரியன் கட்சி மாநாட்டுக்கே 2024 மே மாசம் ட்ரம்ப் போய் ஓட்டுக் கேட்டார். கூச்சல் போட்டு வரவேத்தாங்க. 2025 ஜூலையில எலான் மஸ்க் 'புதுக் கட்சி'ன்னு தண்டோரா போட்டார். தண்டோரா சத்தம் ஓயறதுக்குள்ள தண்டோராக்காரரைக் காணோம். காசு இருந்தா ராக்கெட் விடலாம், பேராண்டி. கிளைச் செயலாளர் கெடைக்கணும்லா!

நீ மூணாவது ஆளுக்கு வேலை செய்யப் போறேன்னு வேற சொல்லுத. சபாஷ். 2024-ல இந்த டெக்சாஸ்ல ஒருத்தன் சுயேச்சையா ஜனாதிபதிக்கு நிக்கணும்னா 1,13,151 பேர் கையெழுத்து வேண்டியிருந்துச்சு. யாரு வேணாலும் கையெழுத்துப் போடலாம்னு நெனைக்காத. அந்த வருசம் மார்ச் மாசம் ரெண்டு பெரிய கட்சியில எதுலயாவது உட்கட்சித் தேர்தல்ல ஓட்டுப் போட்டவன் கையெழுத்து செல்லாது. அதாவது அரசியல்ல அக்கறை இருக்கிறவனை விட்டுட்டு, அக்கறை இல்லாதவன் வீட்டுக் கதவைத் தட்டி, அக்கறையா ஒரு கையெழுத்து வாங்கணும். அதையும் தாண்டி வந்தா விவாத மேடைக்கு 15 சதவீதம் ஆதரவு காட்டணும். 2000-லருந்து அப்படி ஒரு வேலி. மேடை ஏறினாத்தான் ஆதரவு வரும், ஆதரவு வந்தாத்தான் மேடை. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு நம்ம ஊர்ல சொல்றது இதைப் பாத்துட்டுத்தான் போல. நல்ல செருப்பா வாங்கிக்கோ. அந்தச் செலவை நான் தாரேன்.

சிரிக்காத, நானும் ஒரு தடவை மூணாவது ஆளா நின்னவன்தான். உங்கப்பன் சொல்லியிருக்க மாட்டான், வெக்கம். 1986 பஞ்சாயத்துத் தேர்தல்ல தலைவர் பதவிக்கு நின்னேன். ரெண்டே வாக்குறுதி. கண்மாய்க்குள்ள மண்டின கருவையை வெட்டுவேன். வெட்டின வெறகை வித்த கணக்கைப் பைசா சுத்தமா அம்மன் கோயில் சுவத்துல எழுதி ஒட்டுவேன். எனக்கு விழுந்தது 23. ஜெயிச்சவன் அடுத்த வருசமே கருவையை வெட்டிட்டான். தன் பேர்ல கல்லும் நட்டான். ஊரே அவனைக் கொண்டாடுச்சு, நானும் போய்த் துண்டு போட்டேன். கோயில் சுவரு மட்டும் இன்னைக்கு வரைக்கும் வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு நல்லாத்தான் அடிக்காங்க.

அந்த 23 ஓட்டு வீணுங்கியா? வீண் இல்லலே. கருவை போச்சுல்ல. ஆனா கேட்டதுல எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு பாத்தா, நடந்தது வெளிய தெரியிற காரியம். நடக்காதது கணக்கு. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்றாங்க. கணக்குப் பாக்காம விட்டா அந்த உழக்கையும் எடுத்துட்டுப் போயிருவான்.

அதனால ஓட்டை யாருக்குப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ கேக்கவும் மாட்ட. ஒண்ணே ஒண்ணு செய். அந்தா பீட்சா வந்த அட்டை கெடக்கு பாரு, மூடியைப் பிச்சு எடு. பேனாவைக் குடு, கட்டம் நான் போடுதேன். மொதக் கட்டம்: பட்டா யார் பேரில். ரெண்டாவது: போட்ட பயிர். மூணாவது: உழுதது யார். இதுல இன்னைய தேதியைப் போட்டு, நீ எந்தெந்த வெசயத்துல கன்சர்வேட்டிவ்னு ஒண்ணொண்ணா எழுது. வெளிநாட்டுச் சரக்குக்கு வரி வேணுமா, வேண்டாமா? கடனை யாரு தலையில கட்டலாம்? ஊரான் சண்டைக்குப் பட்டாளம் போகலாமா? தேவாலயத்துக்குச் சட்டத்துல எவ்வளவு எடம்? மழுப்பாம எழுது. உன் கட்சி சொல்றதை எழுதாத, நீ நெனைக்கிறதை எழுது. மூணாவது ஆளுக்கு ஓட்டுப் போட்டாலும் சரி, யானைக்குப் போட்டாலும் சரி, கழுதைக்கே போட்டாலும் சரி, இந்த அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுராத.

என்ன, நாலாவது கட்டம் எதுக்குன்னு கேக்கியா? அது 'குறிப்பு'. எங்க அடங்கல்ல அதுதான் ருசியான எடம். இப்ப எழுதக்கூடாது. நாலு வருசம் கழிச்சு, உன் ஆளு கேட்டதுல எதைப் பெரிய வீட்டுக்காரன் அறுத்துட்டுப் போனான், எதை வரப்புல போட்டுட்டுப் போனான்னு பாத்து எழுதணும். முக்கியமா, நீயே இதுல எதை நைசா மாத்திக்கிட்டன்னும் எழுதணும்; எல்லைக்கல்லை ராத்திரியில நகர்த்துறது மிராசுதாரு மட்டும் இல்ல. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு. நான் இல்லாட்டி அந்த யானைகிட்டப் போய் வாசி. ஊசியால குத்தின தையல்காரனை யானை மறக்கலைன்னு உனக்குக் கதை சொல்லியிருக்கேன்லா?

அது கோயில் யானைலே. கட்சி யானைக்கு நாமதான் வாசிச்சுக் காட்டணும்.